இருக்கக் கூடாத கோயில்களைத் தேடி: எருசலேம்ல இருந்து தாண் வரைக்கும்

ஞாயிறு, எருசலேம்

இங்க ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தோட முதல் வேலை நாள். காலைல பஸ்ஸ்டாண்ட் பூரா லீவு முடிஞ்சு கேம்புக்குத் திரும்புற பட்டாளத்துப் பசங்க, தோள்ல துப்பாக்கி, கைல காபி, காதுல இயர்போன். அதுல நீந்தி வெளிய வந்து பழைய நகரத்துக்கு நடந்தே போயிட்டேன். மேற்குச் சுவர்கிட்ட தூத்துக்குடி பக்கத்துல இருந்து டூர் வந்த ஒரு சபைக் குரூப், எல்லார் தலையிலயும் ஒரே கலர் தொப்பி. தமிழ்ல பேசுறது காதுல விழுந்ததும் திரும்பிப் பாத்தேன், ஒரு ஆன்ட்டி உடனே பிடிச்சுக்கிட்டாங்க. "ஏம்மா, தனியாவா வந்திருக்க? பெத்லகேம் பாத்தாச்சா?" "இல்ல ஆன்ட்டி, நாளைக்கு பெயெர்செபா போறேன்." "அங்க என்னம்மா இருக்கு?" "ஒரு பலிபீடம் இருக்கு ஆன்ட்டி, உடைச்சுப் போட்டது." என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு ரெண்டு கடலை மிட்டாய் குடுத்துட்டுப் போனாங்க.

நான் எதுக்கு வந்திருக்கேன்னு இங்கயே சொல்லிடறேன். இந்தச் சுவர் சாலொமோன் கட்டுன ஆலயத்தோடது இல்ல, ஏரோது ராஜா ரெண்டாம் ஆலயத்துக்காக மலையை அகலப்படுத்தினப்ப கட்டுன தாங்கு சுவர். சாலொமோன் ஆலயத்தோடதுன்னு உறுதியா காட்டறதுக்கு ஒரு கல்லு கூட இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல, மேல அல் அக்ஸாவும் பாறைக் குவிமாடமும் இருக்கறதால தோண்டவும் முடியாது. வேதாகமம் திரும்பத் திரும்ப என்ன சொல்லுது, கர்த்தருக்கு ஒரே ஒரு இடம்தான், அது எருசலேம், ஊர் ஊரா பலி குடுக்கற மத்த மேடையெல்லாம் இடிக்கணும். ஆனா மண்ணுக்குள்ள இருந்து வர்றது என்னன்னா, இருந்தே ஆகணும்னு சொன்ன கோயில் கண்ணுல படல, இருக்கவே கூடாதுன்னு சொன்ன கோயில்தான் ஊர் ஊரா கிடைச்சுக்கிட்டு இருக்கு. அந்த இருக்கக் கூடாத கோயில்களைப் பாக்கத்தான் இந்த வாரம்.

ஞாயிறு பள்ளில படிச்சப்ப ராஜாக்கள் புத்தகம் எனக்கு ஒரு மார்க்‌ஷீட் மாதிரிதான் இருந்துச்சு. இந்த ராஜா நல்லவன், ஆனா மேடைகளை அகற்றல. இவன் கெட்டவன். மேடைகளை இடிச்சு, வழிபாடு எருசலேம்ல மட்டும்தான்னு சீர்திருத்தம் பண்ணின எசேக்கியா சூப்பர், யோசியா அதை விட சூப்பர். அந்த மேடைக்குப் போய்க் கும்பிட்டுக்கிட்டு இருந்த ஜனங்க யாரு, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல.

திங்கள், பெயெர்செபா

தொல்லியல் மேடு ஊருக்குக் கிழக்க கொஞ்ச தூரம், டாக்ஸிதான். வாசலுக்கு வெளியவே ஒரு கிணறு, 60 மீட்டருக்கு மேல ஆழம், எட்டிப் பாத்தா தலை சுத்துது. உள்ள போனா தெரு, வீடு, சாமான் கிடங்குன்னு ஒரு சின்ன நிர்வாக நகரத்தோட பிளான் அப்படியே தரையில தெரியுது. கடைசியில ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நிலத்தடி தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கலாம், வெளிய இருந்த வெயிலுக்கு அது சொர்க்கம்.

நான் வந்தது பலிபீடத்துக்கு. வாசல்கிட்ட நாலு மூலையிலயும் கொம்பு வச்ச பெரிய கல் பீடம் நிக்குது, கிட்டத்தட்ட என் உயரம், ஆனா இது நகல். தொல்லியலாளர் யோஹனான் அஹரோனி இங்க தோண்டிக்கிட்டு இருந்தப்ப 1973ல ஒரு கிடங்கோட சுவர்ல வித்தியாசமான கல்லுங்க இருக்கறதைப் பாத்தாங்க, மத்த கல்லெல்லாம் ஏனோதானோன்னு இருக்க இதுங்க மட்டும் நல்லா செதுக்கினது, எடுத்துச் சேத்துப் பாத்தா கொம்புள்ள பலிபீடம். ஒரு கல்லுல பாம்பு செதுக்கியிருக்கு. யாரோ பீடத்தைப் பிரிச்சு, அந்தக் கல்லை சாமான் கிடங்கு சுவர்ல சாதாரணக் கல்லா வச்சுக் கட்டியிருக்காங்க! பலி குடுத்த இடத்துல கொம்பைப் பிடிச்சுக்கிட்டா அடைக்கலம்னு நம்பின ஜனங்களோட ஊர்ல, அந்தக் கொம்பைப் படுக்க வச்சு அது மேல பூசிட்டாங்க.

யாத்திராகமத்துல ஒரு விதி இருக்கு, கல்லால பீடம் கட்டினா உளி படாத கல்லாத்தான் இருக்கணும்னு. இது நல்லா உளி பட்ட கல்லு. அப்ப இதைக் கட்டினவங்களுக்கு அந்த விதி தெரியாதா, இல்ல அது எழுதப்பட்டு ஊருக்கு வந்து சேரவே இல்லையா? எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது.

பிரிச்சது யாருங்கறதுல பெரிய சண்டை. அஹரோனி, எசேக்கியான்னு சொன்னார், கி.மு. 8ஆம் நூற்றாண்டு கடைசி. இன்னொரு தொல்லியலாளர் யிகேல் யாதின், இல்ல யோசியான்னார், அது நூறு வருஷம் பின்னாடி. ரெண்டு பேருமே கைல வேதாகமத்தை வச்சுக்கிட்டுத்தான் மண்ணைப் பாத்தாங்க, அதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. கல்லைப் பிரிச்சாங்கன்னு கல்லு சொல்லுது, ஏன் பிரிச்சாங்கன்னு அது சொல்லலையே.

செவ்வாய், ஆராத்

இந்தப் பயணத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், இப்பவே சொல்லிடறேன். வனாந்தரத்து ஓரம், காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, நானும் டிரைவர் அண்ணனும் தவிர ஒரு ஆள் இல்ல. டிரைவர் பெதுயின்காரர், கார்லயே சின்ன அடுப்பு வச்சு டீ போட்டுக் குடுத்தாரு. கீழ இருக்கறது கி.மு. 3000 வாக்குல இருந்த கானானிய நகரம், இஸ்ரவேலர்ங்கற பேரே வராத காலம், அதை வேகமா கடந்து மேட்டு மேல ஏறினா யூதா ராஜ்யத்தோட (எருசலேமைத் தலைநகரா வச்ச தெற்கு ராஜ்யம்) எல்லைக் கோட்டை. கோட்டைக்குள்ள ஒரு மூலையில கோயில்!

அரசாங்கக் கோட்டைக்குள்ள, ராஜாவோட சிப்பாய்ங்க காவல் இருந்த இடத்துல கர்த்தருக்குக் கோயில். யாரும் திருட்டுத்தனமா காட்டுல கட்டினது இல்ல. வெளி முற்றத்துல உளி படாத கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின பலிபீடம் (இங்க விதி சரியா இருக்கு பாருங்க), அப்புறம் குறுக்கால ஒரு அறை, அதுக்குப் பின்னால படி ஏறிப் போனா மகா பரிசுத்த ஸ்தலம். பேருதான் பெருசு, இடம் ரெண்டு பேர் நின்னா மூச்சு முட்டும். அதுல உருவம் எதுவும் இல்ல, மேல் முனை உருண்டையா ஒரு நிமிர்ந்த கல், சிவப்பு சாயம் பூசின தடத்தோட. வாசல்ல ரெண்டு சின்ன தூபபீடம்.

அந்தத் தூபபீடக் கதைதான் ஹைலைட். 1960கள்ல அஹரோனி குழு தோண்டினப்பவே ரெண்டுக்கும் மேல கருப்பா ஏதோ படிஞ்சு காஞ்சு கிடந்துச்சு, அப்ப பரிசோதனை பண்ணியும் என்னன்னு தெரியல, அப்படியே மியூசியத்துல நின்னுச்சு. 2020ல புது முறையில பரிசோதிச்சு வெளியிட்டாங்க. பெரிய பீடத்துல சாம்பிராணி வகையில உசத்தியான குந்திரிக்கம், அரேபியாவோட தெற்கு மூலையில இருந்து வரணும், மிருகக் கொழுப்போட கலந்தது. சின்னதுல கஞ்சா. ஆமாங்க, கஞ்சாவேதான், சாணத்தோட கலந்து, மெதுவா குறைஞ்ச சூட்டுல புகையறதுக்காக. போதை தர்ற சத்து அதுல இருந்துச்சுன்னு கெமிஸ்ட்ரி சொல்லுது. அந்தச் சின்ன அறையில அதைப் புகைய விட்டா ஆசாரியருக்கு என்ன ஆயிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வேதாகமத்துல தூபவர்க்கத்துக்கு நுணுக்கமா செய்முறை எல்லாம் இருக்கு, கஞ்சான்னு தெளிவா ஒரு இடத்துலயும் இல்ல. கோட்டைக் கோயில்ல நடந்த வழிபாடும் புத்தகத்துல எழுதி வச்ச வழிபாடும் ஒண்ணு இல்லங்கறதுக்கு இதை விட என்ன வேணும்.

சரி, இந்தக் கோயில் எப்படி முடிஞ்சுது? உடைக்கல, எரிக்கல. தூபபீடங்களைப் பக்குவமா படுக்க வச்சு, மேல மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. சேவ் ஹெர்சோக் திரும்ப ஆராய்ஞ்சு சொன்னது, இந்தக் கோயில் 8ஆம் நூற்றாண்டுல கொஞ்ச காலம்தான் இருந்துச்சு, எசேக்கியா காலத்துல மூடப்பட்டுச்சு, அதுக்கப்புறம் திறக்கவே இல்ல. வேற சிலர், இல்ல, எதிரி வர்றான்னு பயந்து பத்திரமா புதைச்சு வச்சாங்கன்னு சொல்றாங்க. நான் அங்க நின்னு யோசிச்சது மூடின ஆளைப் பத்தி. மேல இருந்து உத்தரவு வந்திருக்கு, மீற முடியாது, ஆனா உடைக்க மனசு வரல. படுக்க வச்சுப் புதைச்சான். இது என் கற்பனைதான், ஆனா பெயெர்செபா கிடங்குச் சுவரைப் பாத்துட்டு வந்தா அப்படித்தான் நினைக்கத் தோணும்.

இதே கோட்டையில மண்பாண்டச் சில்லுல மை வச்சு எழுதின எபிரேயக் கடிதங்கள் ஏகப்பட்டது கிடைச்சுது, கி.மு. 600 வாக்குல எலியாசிப்னு ஒரு சப்ளை அதிகாரிக்கு வந்தது, இவனுக்கு இவ்வளவு திராட்சரசம் குடு, அவனுக்கு இவ்வளவு மாவு குடுன்னு. ஒண்ணுல "கர்த்தருடைய ஆலயம்"னு வருது, ஆனா அதுக்குள்ள ஆராத் கோயில் மண்ணுக்குள்ள போயாச்சு, அதனால அது எருசலேமைத்தான் சொல்லுதுன்னு பெரும்பாலானவங்க எடுத்துக்கறாங்க. 2016ல டெல் அவீவ் பல்கலைக்கழகத்துல கையெழுத்தை கம்ப்யூட்டர்ல அலசினாங்க, 16 சில்லுல குறைஞ்சது 6 வேற வேற கை. ஒரு ஓரத்துக் கோட்டையிலயே இத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கு. நூறு வருஷம் முன்னாடி அதே இடத்துல கல்லும் புகையுமா இருந்த மதம், இப்ப எழுத்தா மாறிக்கிட்டு இருக்கு. புத்தகத்தை வச்சு ஒரு மதத்தை நடத்தணும்னா படிக்கத் தெரிஞ்ச ஆளுங்க ஊர் ஊரா இருக்கணும்ல.

புதன், லாகீஸ்

கிரியாத் காத் வரைக்கும் ரயில், அப்புறம் டாக்ஸி. மேட்டுல ஏறும்போதே இடது பக்கம் பெரிய சரிவு, அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 701ல நகரத்தைப் பிடிக்கக் கட்டின முற்றுகைச் சரிவு. அந்தப் போரை அவன் நினிவே அரண்மனைச் சுவர்ல முழுசா செதுக்கி வச்சான், அது இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

2016ல நகர வாசலைத் தோண்டி முடிச்சப்ப வாசல் அறை ஒண்ணுல கோயில் மாதிரி ஒரு இடம் கிடைச்சுதுன்னு அறிவிச்சாங்க. கொம்புள்ள பீடங்கள், கொம்பெல்லாம் வேணும்னே வெட்டினது. அதோட ஒரு கல் டாய்லெட் சீட்டு, நடுவுல ஓட்டையோட! யெகூ ராஜா பாகால்ங்கற வேற தெய்வத்தோட கோயிலை இடிச்சு மலஜலம் கழிக்கிற இடமாக்கினான்னு 2 இராஜாக்கள் 10ல வரும், அதே பாணின்னு சொல்றாங்க. லேப்ல பாத்ததுல இந்த சீட்டை யாரும் பயன்படுத்தவே இல்லையாம், அப்ப அது அவமானப்படுத்தறதுக்கு மட்டும் வச்சது. ஆராத்ல பாத்த மரியாதைக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம். ஆனா இதை எல்லாரும் ஒத்துக்கல. லாகீஸ்ல பல வருஷம் தோண்டின டேவிட் உசிஷ்கின் மாதிரி ஆளுங்க அது கோயிலே இல்லன்னுட்டாங்க. டாய்லெட் கதை கேக்கறதுக்கு ரொம்ப நல்லா இருக்கறதாலயே எனக்கும் சின்ன சந்தேகம்.

இன்னொரு சிக்கல். சனகெரிப்போட அந்தச் சுவர்ச் சிற்பத்துல, சிப்பாய்ங்க லாகீஸ்ல இருந்து கொள்ளை அடிச்சுட்டுப் போற சாமான்ல பெரிய தூபத் தண்டு ரெண்டும் இருக்கு. எசேக்கியா எல்லாத்தையும் மூடிட்டான்னா 701ல அது எங்க இருந்து வந்துச்சு? அசீரியத் தளபதி எருசலேம் மதில்கிட்ட நின்னு நக்கல் பண்ணுவானே, உங்க கடவுளோட மேடைகளைத்தானே எசேக்கியா எடுத்துப் போட்டான், அவரையா நம்பறீங்கன்னு. அந்த வசனத்தை சின்ன வயசுல எதிரி பேச்சுன்னு கடந்து போயிருவேன். இன்னைக்கு அங்க உக்காந்து படிச்சப்ப, லாகீஸ்ல சிலரும் இதையேதான் முணுமுணுத்திருப்பாங்கன்னு தோணுச்சு.

வியாழன், எருசலேம், இஸ்ரேல் மியூசியம்

கால் வலி. அசல் எல்லாம் இங்கதான், ஆராத்தோட மகா பரிசுத்த ஸ்தலம், பெயெர்செபா பீடம். தூபபீடத்தைக் கிட்ட போய் மோந்து பாக்கணும்னு இருந்துச்சு, காவலாளி பாத்துக்கிட்டே இருந்தாரு.

வீட்டுல வச்சிருந்த மண் பொம்மைகள் ஒரு பெட்டி நிறைய. மார்பைக் கையால தாங்கிப் பிடிச்ச பெண் உருவம், கீழ தூண் மாதிரி. யூதா தேசத்து வீடுகள்ல நூத்துக்கணக்குல கிடைச்சிருக்கு, எருசலேம்லயே ஏராளம், அதுவும் சீர்திருத்தம் நடந்ததா சொல்ற அதே காலத்துல. இது அசேராங்கற பெண் தெய்வமா, பால் சுரக்கணும்னு வச்சுக்கிட்டதா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ராஜா கோட்டைக் கோயிலை மூடலாம், அடுப்பங்கரை மாடத்துல இருக்கறதை என்ன பண்ணுவான்?

கிர்பெத் எல் கோம்னு ஒரு இடத்துக் கல்லறைக் கல்வெட்டும் பாத்தேன், உரியாகுங்கறவரைக் கர்த்தர் ஆசீர்வதிச்சதா எழுதி, பக்கத்துலயே அவருடைய அசேரான்னும் எழுதியிருக்கு. சினாய்ல குந்திலெத் அஜ்ருத்ல 1975-76ல தோண்டினப்ப பெரிய ஜாடியில "சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்"னே கிடைச்சுது, யாவேங்கறது கர்த்தரோட பேரு, அந்த ஜாடி எகிப்துக்குத் திரும்பப் போயிருச்சு. தெய்வத்தோட மனைவியா, இல்ல கோயில் மரத்தூணான்னு சண்டை இன்னும் ஓடுது. எனக்கு அது ரெண்டுல எதுவா இருந்தாலும் பரவால்ல, ஆசீர்வாதம் கேக்கும்போது அந்தப் பேரையும் சேத்துக் கேக்கறது சாதாரணமா இருந்திருக்கு, அது போதும்.

வெள்ளி, எருசலேம்

மத்தியானத்துக்கு மேல எல்லாம் மூடிருவாங்க, அதனால காலைலயே கெத்தேப் இன்னோம். ஸ்காட்லாந்துக்காரங்க சர்ச்சுக்குப் பின்னாடி பாறையில குடைஞ்ச கல்லறைகள். 1979ல காபிரியேல் பார்கை இங்க தோண்டினப்ப, ஹெல்ப் பண்ண வந்த ஒரு 13 வயசுப் பையன் போர் அடிச்சுப் போய் சுத்தியலால தட்ட, தரைன்னு நினைச்சது உடைஞ்சு உள்ள யாரும் தொடாத எலும்புக் கிடங்கு. அதுல சின்னதா சுருட்டின ரெண்டு வெள்ளித் தகடு, பிரிக்கவே வருஷக்கணக்குல ஆச்சு. உள்ள எழுதியிருந்தது எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசீர்வாதம், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்". சர்ச்சுல ஆராதனை முடியறப்ப பாஸ்டர் ஐயர் கை தூக்கிச் சொல்லுவாரே, அதே வரி. கி.மு. 600 வாக்குல, சாக்கடல் சுருள்களை விட பல நூறு வருஷம் பழசு. அசலை நேத்தே மியூசியத்துல பாத்துட்டேன், ரொம்பச் சின்னது.

ஆசாரியர் வாய்ல இருக்க வேண்டிய மந்திரத்தை ஒருத்தர் தாயத்தா கழுத்துல கட்டிக்கிட்டுக் கல்லறை வரைக்கும் கொண்டு போயிருக்காரு. கோயில் தூரமா போனா ஜனங்க இப்படி ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் செய்வாங்க.

சனி, எருசலேம்

ஓய்வுநாள். ட்ராம் இல்ல, பஸ் இல்ல. தமஸ்கு வாசல் பக்கம் போனா கடை இருக்கு, ஃபலாஃபெல் தின்னுட்டு ரூமுக்கு வந்து உபாகமம் படிச்சேன். அடிச்சுச் சொல்றேன், 12ஆம் அதிகாரத்தையும் 14ஆம் அதிகாரத்தையும் நிர்வாக உத்தரவா படிங்க, செம்மயா இருக்கும். முன்னாடி ஆடு அறுக்கணும்னா பக்கத்து பீடத்துக்குக் கொண்டு போயிருப்பான். இப்ப பீடம் எல்லாம் மூடியாச்சு, எருசலேம் மூணு நாள் நடை, அப்ப கறி சாப்பிடவே முடியாதா? அதுக்கு ஒரு விதி: ஊர்லயே அறுத்துச் சாப்பிடலாம், ரத்தத்தை மட்டும் தரையில ஊத்திடு. தசமபாகத்தைத் தூக்கிட்டு வர முடியலையா? வித்துக் காசாக்கு, காசை முடிஞ்சு எடுத்துட்டு வா, இங்க வந்து மாடோ ஆடோ திராட்சரசமோ மதுவோ உனக்கு இஷ்டமானதை வாங்கிக்கோ. மேடைகள்ல வேலை பாத்த ஆசாரியருங்க கதி? 2 இராஜாக்கள் 23ல ஒரே வரி, எருசலேம் பீடத்துல அவங்க பலியிடல, புளிப்பில்லாத அப்பம் மட்டும் சாப்பிட்டுக்கலாம். அதாவது சாப்பாடு உண்டு, வேலை கிடையாது. சீர்திருத்தத்துல வேலை போனவங்களைப் பத்தி புத்தகம் அத்தோட நிறுத்திக்குது.

இதெல்லாம் சொன்னபடி நடந்துச்சான்னா, எகிப்துல அஸ்வான் பக்கத்து எலிபென்டைன் தீவைப் பாருங்க. யோசியா காலத்துக்கு இருநூறு வருஷம் கழிச்சு பாரசீகப் படையில வேலை பாத்த யூதர்கள் அங்க யாகு, அதாவது யாவே தெய்வத்துக்குக் கோயில் வச்சிருந்தாங்க. கி.மு. 410ல பக்கத்துக் கோயில் பூசாரிங்க அதிகாரியைக் கைக்குள்ள போட்டு அதை இடிச்சுட்டாங்க. எருசலேம் பிரதான ஆசாரியருக்குக் கடிதம் போட்டாங்க, பதிலே வரல. 407ல யூதா ஆளுநர் பாகோகிக்கு எழுதினாங்க, அவர் பக்கத்துல இருந்து சரி கட்டிக்கோங்கன்னு வந்துச்சு, காணிக்கை மாவும் தூபமும் போடலாம்னு. பலியைப் பத்தி மட்டும் பேச்சே இல்ல. அவங்க எழுதின கடிதத்துல இப்படி ஒரு கோயில் வச்சது தப்போன்னு ஒரு தயக்கமும் இல்லங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். எருசலேம்ல இருந்து பதில் வராதது ஆச்சரியமே இல்ல.

ஞாயிறு, தாண்

வடக்கு மூலை, நாலு மணி நேரம் போல பஸ், அப்புறம் டாக்ஸி. வெயில்லயே அலைஞ்சுட்டு வந்த எனக்கு இங்க காதுல தண்ணிச் சத்தம், யோர்தானோட ஊத்து, மரம், நிழல். மேட்டோட ஓரத்துல பழைய ராணுவப் பதுங்கு குழி, எல்லை கூப்பிடு தூரம்.

வடக்கு ராஜ்யம் தனியா பிரிஞ்சப்ப அதுக்கு முதல் ராஜாவான யெரொபெயாம் பொன் கன்னுக்குட்டி வச்சதா 1 இராஜாக்கள் 12 சொல்ற ரெண்டு இடத்துல ஒண்ணு இது, இன்னொண்ணு பெத்தேல். அவன் கணக்கு சிம்பிள், ஜனங்க கும்பிட எருசலேமுக்குப் போனா மனசும் அந்த ராஜா பக்கம் போயிரும். அதனால அவனும் கோயில், ஆசாரியர், பண்டிகைன்னு எல்லாத்தையும் தனியா ஏற்பாடு பண்ணினான். தெற்குல ஒரே கோயில்னு இழுத்து மூடினதும் வடக்குல புதுசா திறந்ததும் ஒரே கணக்குதான், யார் கோயிலை வச்சிருக்காங்களோ அவங்களுக்குத்தான் ஜனம். ஆனா ராஜாக்கள் புத்தகம் தெற்குல எழுதினது, அதனால வடக்கு பூரா ஃபெயில்.

அவ்ரஹாம் பிரான் 1966ல இருந்து பல வருஷம் தோண்டி எடுத்த மேடை நல்லா செதுக்கின கல்லுல பெருசா இருக்கு. முற்றத்துல பெரிய பீடம் இருந்த இடத்துல அதோட அளவைக் காட்ட இரும்புக் கம்பில ஒரு சட்டம் நட்டு வச்சிருக்காங்க, கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டு ஓலை போடாம விட்ட மாதிரி. சாம்பல் அள்ளற இரும்புக் கரண்டிங்ககூட கிடைச்சிருக்கு. கன்னுக்குட்டி கிடைக்கல. வாசல் பக்கம் 1993ல சுவர்ல இருந்த ஒரு உடைஞ்ச அரமேயக் கல்வெட்டுலதான் "தாவீதின் வீடு"ன்னு இருந்துச்சு, வேதாகமத்துக்கு வெளிய தாவீது பேருக்குக் கிடைச்ச ரொம்பப் பழைய சாட்சி. எல்லா டூர் பஸ்ஸும் அந்த இடத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிருது.

எனக்கு அதை விட 1976ல இங்க கிடைச்ச இன்னொரு கல்லுதான் முக்கியம். கிரேக்கர் காலத்துது, கிரேக்கத்துலயும் அரமேயத்துலயும் எழுதியிருக்கு, சோயிலோஸ்னு ஒருத்தன் "தாணில் இருக்கிற தெய்வத்துக்கு" நேர்த்திக்கடன் செலுத்தினதா. தெய்வத்தோட பேரு கிடையாது, ஊர் பேரு மட்டும்தான். அசீரியாக்காரன் வந்து வட தேசத்தையே அழிச்சுட்டுப் போயாச்சு, யோசியா வடக்கு வரைக்கும் போய் மேடைகளை இடிச்சதா எழுதியாச்சு, ஐநூறு வருஷம் போல ஓடியாச்சு, இவன் வேண்டிக்கிட்டு இங்கதான் வந்திருக்கான். ஆமோஸ் தீர்க்கதரிசி, தாணோட தெய்வத்து மேலயும் பெயெர்செபா வழி மேலயும் சத்தியம் பண்றவங்க விழுந்து போவாங்க, திரும்ப எழுந்திருக்கவே மாட்டாங்கன்னு திட்டியிருப்பாரு. ஆமோஸ் சொன்னது சோயிலோஸுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லன்னுதான் நினைக்கிறேன், தெரிஞ்சிருந்தாலும் வேண்டினது நடந்திருச்சு, கடனைக் கட்டிட்டான்.